புனைமொழிக்குச் சொல் கட்டுவது

புனைமொழி, அதாவது ஒருவர் தானே கற்பனையாகக் கட்டும் மொழி, செய்ய உட்காருகிறவர்கள் பலர் முதலில் ஓர் எக்செல் தாளைத் திறந்து, ஒரு பக்கம் தமிழ்ச் சொல், எதிரே புதுச் சொல் என்று நிரப்பத் தொடங்குகிறார்கள். இருநூறு வரி சேர்ந்த பிறகு கையில் இருப்பது மாறுவேடம் போட்ட தமிழ்தான். நமக்குக் 'கை' என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை. ஆங்கிலம் அதை மணிக்கட்டில் வெட்டி இரண்டு சொல்லாக்கும். 'பச்சை' நமக்கு நிறமும்தான், வேகாததும்தான். இந்த வேலிகளை எங்கே நடுவது என்பதே முதல் வேலை. ஒலி அப்புறம்.

ஒலிக்கணக்கு சுலபம். எடுத்துக்காட்டாக மெய் 10, உயிர் 5 (குறில், நெடில் பேதம் இல்லை) என்று வைப்போம். ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்தால் ஓர் அசை, அதன் கடைசியில் வேண்டுமானால் ஒரு 'ன்'. மொத்தம் 100 அசை. ஈரசைச் சொற்கள் 10,000 வரை கிடைக்கும், தட்டுப்பாடு ஓரசையில்தான். அந்த நூறை நான், நீ, இல்லை, வேற்றுமை உருபு என்று மூச்சுக்கு மூச்சு வருகிறவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எரிமலைக்குச் செலவழிக்க வேண்டாம்.

ஒரு வேரை எடுத்துப் பார்ப்போம். 'லுமோ': முடிச்சு. கயிற்று முடிச்சு, உடம்பின் மூட்டு, கொடுத்த வாக்கு மூன்றும் இதற்குள் வரட்டும். 'பிரச்சினை' என்ற பொருள் மட்டும் இதற்குள் வரக் கூடாது. 'சிக்கல்' என்ற சொல் பழக்கத்தால் தமிழ் மனம் அதையும் உள்ளே இழுக்கும். அங்கேதான் மறுக்க வேண்டும். இப்போது வாக்கு மீறியவர் 'முடிச்சை அறுத்தவர்', வாக்கிலிருந்து ஒருவரை விடுவிப்பது 'அவிழ்ப்பது'. ஒரே முடிவில் இரண்டு மரபுத்தொடர் கிடைத்துவிட்டது.

பின்னொட்டு: '-தி' கருவி, '-கா' செய்பவர். லுமோதி கயிறு, லுமோகா இருவருக்கிடையே நின்று வாக்கு வாங்கித் தருபவர். இனி சொல்லைத் தேய விடுங்கள். ஈரசை வேரின் கடைசி மெய் 'ம்' அல்லது 'ன்' என்றால், பின்னொட்டுக்கு முன் அதன் உயிர் விழும் என்று வைத்தால் லும்தி, லும்கா. நாக்கு அதை லுந்தி, லுங்கா என்று ஆக்கும். மரம், மரங்கள் ஆகிற அதே இயல்புதான். விதியை அப்படி முடியும் எல்லாச் சொல்லுக்கும் போடுங்கள். பிடித்த சொல்லுக்கு மட்டும் விலக்கு தந்தால் மொழி செயற்கையாகத் தெரியும்.

ஒரு பொறி உண்டு. 'சே' என்று ஓரசைச் சொல் ஏற்கெனவே இருக்க, 'சேகா' என்று ஒரு வேர் வைத்தால் கேட்பவர் அதை சே+கா என்று பிரிப்பார். எந்த வேரும் பின்னொட்டு அசையில் முடியக் கூடாது.

முன்னொட்டு, பின்னொட்டின் பலனை 1887இல் வந்த எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் பார்க்கலாம்: 'போனா' நல்ல, 'மல்போனா' கெட்ட, 'லெர்னி' கற்க, 'லெர்னேயோ' பள்ளி. எதிர்ச்சொல்லுக்குத் தனி வேர் தேவையில்லை. மேற்கத்திய இசைச்சுரங்களின் பெயர்களையே அசைகளாக்கிய சோல்ரெசோல் என்ற செயற்கை மொழி வேறு வழி போனது: 'மிசோல்' நன்மை, திருப்பினால் 'சோல்மி' தீமை. அழகுதான், ஆனால் அசை இடம் மாறினாலே பொருள் தலைகீழாகிவிடும். 1668இல் ஆங்கிலேய அறிஞர் ஜான் வில்கின்ஸ் வெளியிட்ட செயற்கை மொழியில் சொல்லின் எழுத்துகளே பொருளின் வகைப்பாட்டைக் காட்டின; அதனால் நெருங்கிய பொருட்களின் பெயர்கள் ஓர் எழுத்தில்தான் வேறுபட்டன. ஒரே பேச்சில் சேர்ந்து வருபவை அவைதானே! ஆகவே ஒரே துறைச் சொற்கள் இரண்டு ஒலியிலாவது வேறுபடட்டும். முதல் மெய் கட்டாயம் மாறட்டும்.

அகராதியில் சொல், பொருள் (முழு வாக்கியமாக), எதைக் குறிக்காது, வேர், எடுத்துக்காட்டு என்று ஐந்து நெடுவரிசை போதும். மூன்றாவதைக் காலியாக விட்டால் ஆறு மாதத்தில் 'லுமோ' சிக்கலையும் விழுங்கியிருக்கும்.