அப்பாவின் குதிகால்

மார்ச் 3, 2024, ஞாயிறு

ஊருக்கு வந்தால் அப்பாவின் பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவிவிடுவது என் வேலை. இன்று வலது குதிகாலைத் தேய்க்கும்போது ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சேறு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் தேயிலைச் சாயம் போல் பழுப்பு. விளிம்பு கோணல்மாணல்.

"கருவேல முள்ளு ஏறுன எடம் பாப்பா. ரெண்டு வருசமா கெடக்கு."

அம்மா மீதியைச் சொன்னாள். டவுனில் ஒரு கிளினிக்கில் கால் ஆணி என்று பிளாஸ்டர் போட்டார்களாம், அப்புறம் ஒருதரம் சீவியும் விட்டார்களாம். சீவிய இடம் ஆற மூன்று மாதம் ஆனதாம். மாதம் இரண்டு தடவை வந்து போகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 9, சனி

திருச்சியில் தோல் மருத்துவர். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸ் மாதிரி ஒன்று, உள்ளே விளக்கு எரிகிறது. டெர்மாஸ்கோப் என்று பெயர். குதிகாலில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைத் தன் போனில் மாட்டிப் படமெடுத்து எங்களுக்குக் காட்டினார்.

உள்ளங்கால் தோலும் உழுத வயல் மாதிரிதான், மேடும் பள்ளமும் வரிவரியாக ஓடுகின்றன. சாதாரண மச்சம் என்றால் நிறம் பெரும்பாலும் பள்ளத்தோடு ஓடும். மேட்டில் ஏறிப் பட்டையாக நின்றால் சந்தேகப்பட வேண்டும். அப்பாவுக்கு மேட்டில் நின்றது.

"அதாவது, தண்ணி வாய்க்கால விட்டுட்டு வரப்புல ஏறிருச்சுங்கிறீங்க" என்றார் அப்பா. மருத்துவர் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். "அதேதான் ஐயா."

மெலனோமாவாக இருக்கலாம், பயாப்சி எடுத்தால்தான், அதாவது சின்னத் துண்டு வெட்டிச் சோதித்தால்தான் உறுதி என்றார். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களில் வரும் புற்றுநோய். வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன், நமக்கு எதற்கு வரப்போகிறது என்று. அவர்களுக்கு வெயில் பெரிய காரணம்தான், நம் கருமை அதில் நமக்கு ஒரு குடை என்பதும் உண்மைதான். ஆனால் நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் வெயில் அதிகம் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். யாரும் பார்க்காத இடம். அதனாலேயே பல சமயம் முற்றிய பிறகுதான் தெரிகிறது.

மார்ச் 12, செவ்வாய்

மறு பெரிது என்பதால் முழுதாக எடுக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கருமை கூடிய இரண்டு இடத்தில் ஆழமாகத் துளையிட்டு எடுத்தார்கள். பத்து நிமிடம்.

சாயங்காலம் சித்தப்பா போன். "கத்தி பட்டா பரவிரும்னு சொல்றாங்களே, ஏன் அவசரப்பட்டீங்க?" பயாப்சியால் பரவாது என்று மருத்துவர் சொன்னதை மூன்று தடவை திருப்பிச் சொன்னேன். என்னவென்று பார்க்காமல் சீவியதும் பிளாஸ்டர் போட்டதும்தான் இரண்டு வருடத்தைத் தின்றது. அதைச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 20, புதன்

மெலனோமாதான். ஆழம் 1.6 மில்லிமீட்டர்.

இந்த எண்ணை அளக்கும் முறையை 1970-இல் பிரெஸ்லோ என்ற நோய்க்கூறியல் மருத்துவர் கொண்டுவந்தாராம், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். மறு எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டினால் போதும். இரண்டைத் தாண்டினால் இரண்டு சென்டிமீட்டர். அப்பா நடுவில் நிற்கிறார். காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று அம்மா கேட்டாள். இல்லை என்று பதில் வந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

அறுவை முடிந்தது. முதலில் குதிகாலில் நீலச் சாயம் ஏற்றினார்கள். அது நிணநீரோடு ஏறித் தொடை இடுக்கில் எந்தக் கணுவை (நிணநீரை வடிகட்டுகிற சின்ன முடிச்சு) முதலில் தொடுகிறதோ, அதைத் தேடி எடுத்துச் சோதிப்பது. புற்று கிளம்பியிருந்தால் அந்த வழியில்தான் முதலில் போய்த் தங்குமாம். குதிகாலில் வெட்டிய பள்ளத்துக்குத் தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

ராத்திரி அப்பா அலறிக் கூப்பிட்டார். சிறுநீர் பச்சையாகப் போகிறதாம்! சாயம் வெளியேறுகிறது, பயப்படாதீங்க என்றார் நர்ஸ் அக்கா. இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 15, திங்கள்

நேற்று வருடப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி யாருக்கும் இறங்கவில்லை. இன்று காலை முடிவு வந்தது: எடுத்த இரண்டு கணுவிலும் ஒன்றுமில்லை.

இருந்திருந்தால் அடுத்து இம்யூனோதெரபி பேசியிருப்பார்கள். நம் எதிர்ப்பு அணுக்களின் மேல் புற்று ஒரு பிரேக்கை அழுத்தி வைத்திருக்கும், இந்த மருந்து அதை விடுவிக்கிறது. அதைக் கண்டறிந்ததற்குத்தான் 2018-இல் ஆலிசன், ஹோன்ஜோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு நோபல். விலையைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இப்போது குடும்பமே காலைத் தூக்கிப் பார்க்கிறது. சித்தப்பா கால் கட்டைவிரல் நகத்தில் கறுப்பு என்று படம் அனுப்பினார். செங்கல் விழுந்ததாம், மறந்தே போய்விட்டதாம். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போகும். மெலனோமாக் கோடு அடியிலிருந்தே வந்துகொண்டிருக்கும், அகலமாகும், சில சமயம் நகம் முளைக்கிற பக்கத்துத் தோலிலும் கறுப்பு பரவும். வாராவாரம் படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன். நகராவிட்டால் அவரையும் திருச்சிக்கு இழுத்துப் போவேன்.

மே 11, சனி

ஜமைக்காப் பாடகர் பாப் மார்லி 1981-இல் இதே தேதியில்தான் இறந்தார், 36 வயதில். கால்விரல் நகத்துக்கு அடியில் வந்த இதே வகை மெலனோமா. கால்பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே முதலில் எண்ணியிருக்கிறார்கள். அங்கே பந்து, இங்கே கருவேல முள்.

அப்பாவுக்கு ஒட்டிய தோல் பிடித்துவிட்டது. மெத்தென்ற செருப்பு போட்டு வாசல்வரை நடக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் தொடை இடுக்கைத் தடவிப் பார்ப்பார், உடம்பு முழுக்க மச்சம் தேடுவார். நடுவில் மாதாமாதம் இரண்டு உள்ளங்காலையும் படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம்.

முதல் படம் இன்று வந்தது. ஒரே மங்கல், பாதி கட்டில் கால், அம்மாவின் வளையல் கை. குதிகால் தெரிந்தது, ஆனால் தழும்பைக் காணோம். இரண்டு நிமிடம் கழித்துதான் புரிந்தது. இடது காலையே இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள்.