சாளை இல்லாத மரச்சீனி

மனச்சோர்வு பிடித்தவரின் தட்டில் முதலில் காணாமல் போவது மீன்கறி. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் மரச்சீனி எனும் மரவள்ளிக்கிழங்கையும் சாளை (மத்தி மீன்) புளிக்கறியையும் பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள். ஆனால் மனம் தளர்ந்தவருக்கு மீன் வாங்கி, செதிள் சுரண்டி, தேங்காய் அரைத்துக் கறி வைக்கத் தெம்பு இருக்காது. கிழங்கை மட்டும் அவித்துக் கட்டன் சாயாவோடு (பாலில்லாத தேநீர்) ஒரு நேரத்தை ஓட்டிவிடுவார். வயிறு நிறைந்துவிடுவதால் வீட்டாருக்கும் சந்தேகம் வராது.

100 கிராம் மரச்சீனியில் புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. அதே எடை சாளையில் 20 கிராம் அளவுக்கு இருக்கிறது. கூடவே ஒமேகா 3 கொழுப்பும், ஒரு நாள் தேவைக்கு மேலேயே பி12 சத்தும். இன்னொன்றும் உண்டு: மரச்சீனியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலோடு உள்தோலையும் உரித்து, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து வடித்தால் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவதை உடம்பு முறிக்கக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். அவை மீனில் தாராளம். பழைய சேர்க்கைக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு.

பி12 பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும். ஈரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு மெதுவாகத்தான் வெளிப்படும்: மறதி, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை, பாதத்தில் மரத்துப்போதல். இதை வெறும் மனக்கவலை என்று தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சைவம் மட்டும் உண்பவர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களும் இரத்தத்தில் அளவு பார்த்துவிட வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் போட்டால் இரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதமோ உள்ளுக்குள் தொடரும். மீன் தின்பவருக்கு வாரம் இரண்டு மூன்று நாள், கையளவு சாளை நாலைந்து போதும். சைவத்தில் பாலும் தயிருமாகத் தினம் அரை லிட்டராவது வேண்டும். குறைபாடு வந்தபின் அது பற்றாது, மருந்துதான்.

ஏத்தன்பழத்தில் (நேந்திரம்பழம்) மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, தின்றால் மகிழ்ச்சி வரும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. பழத்திலுள்ள செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. பழம் நல்லது, அந்தக் காரணத்துக்காக அல்ல.

உணவை மாற்றினால் மனச்சோர்வு குறையுமா என்று 2017இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு நேரடியாகவே சோதித்தது. 67 பேர், 12 வாரம். காய், பருப்பு, மீன், முழுதானியம் என்று உணவை மாற்ற வழிகாட்டப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு நோய் நீங்கியது. பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு. சிறிய ஆய்வு, யார் எந்தக் குழு என்பதும் பங்கேற்றவர்களுக்குத் தெரியும். பலருக்கு அதோடு சிகிச்சையும் நடந்தது. ஆகவே இதைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆபத்து.

சமைக்கத் தெம்பில்லாத நாளுக்குப் பயறுகஞ்சி. புழுங்கல் சம்பா அரிசி ஒரு பங்கு, சிறுபயறு அரைப் பங்கு, தண்ணீர் ஏழு பங்கு, எல்லாம் ஒரே குக்கரில். இறக்கியபின் ஒரு கைப்பிடி முருங்கையிலையும் தேங்காய்த் துருவலும் போட்டு மூடிவைத்தால் அந்தச் சூட்டிலேயே இலை வெந்துவிடும். நெல்லைப் புழுக்கும்போது பி1 சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பலமுறை கழுவி, கஞ்சி வடித்தால் அது தண்ணீரோடு போகும். குடிப்பழக்கத்தால் சாப்பாட்டை விட்டவருக்குத் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பம் வந்தால் கஞ்சி கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. அது பி1 குறைபாடாக இருக்கலாம், உடனே ஊசிமருந்து தேவை.

கட்டன் சாயாவைச் சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மாலை நாலு மணிச் சாயாவின் காஃபீனில் பாதி, இரவு ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் இரத்த அழுத்தத்துக்கென்று திடீரென உப்பைக் குறைக்கவோ, சாயாவை ஒரேயடியாக நிறுத்தவோ, தண்ணீரில்லா விரதம் இருக்கவோ கூடாது. மூன்றுமே இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றும். கைநடுக்கம் கூடினாலோ, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தள்ளாட்டமும் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய் அளவு பார்க்க வேண்டும்.