46 வோல்ட்

அக்டோபர் 6

மலை மேலிருக்கும் மொபைல் டவர் சைட்டில் மெயின்ஸை, அதாவது லைன் கரண்டை, நிறுத்திவிட்டு பேட்டரியில் ஓட விட்டோம். பதிவேட்டில் 10 மணி நேரம் தாங்கும் என்று எழுதியிருக்கிறது. 3 மணி 40 நிமிடத்தில், ரேடியோக்கள் துண்டாகிற 46 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. டிஜியை, டீசல் ஜெனரேட்டரை, போடச் சொல்லி டெஸ்டை முடித்தேன். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 7

தூக்கம் வரவில்லை. இப்போதே எழுதிவிடுகிறேன்.

பேட்டரி இரண்டு வரிசை, வரிசைக்கு 24 செல், ஒவ்வொன்றும் 2 வோல்ட், 300 ஆம்பியர்-மணி. பகல் லோடு 60 ஆம்பியர். 600ஐ 60ஆல் வகுத்து 10 என்று யாரோ எழுதி வைத்தார்கள், அதையே வருடாவருடம் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். புது பேட்டரிக்கு அந்தக் கணக்கு சரிதான். இது புதுசு இல்லை.

டெஸ்ட் முடியும் நேரத்தில் மீட்டரை எடுத்து செல் செல்லாகத் தொட்டுப் பார்த்தேன். மற்றதெல்லாம் 1.93க்கு முன்னே பின்னே. முதல் வரிசையில் 17ஆவது மட்டும் 1.62. அதன் பக்கவாட்டுச் சுவர் உப்பியிருக்கிறது. கையை வைத்தால் பக்கத்துச் செல்லைவிடச் சூடு தனியாகத் தெரிகிறது. முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, போல்ட்டின் தலையே மறைந்துவிட்டது. வரிசையின் கரண்ட் முழுவதும் அந்தச் செல் வழியாகத்தான் போயாக வேண்டும். நொண்டி மாட்டைப் பூட்டினால் பக்கத்து மாடு எவ்வளவு இழுத்தும் வண்டி நகராது.

உப்பியதற்குக் காரணமும் கண்ணில் பட்டது. பேட்டரியின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டிய வெப்ப சென்சார், ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அது 22 டிகிரி என்கிறது. பேட்டரியோ காற்றுப் போகாத மூலையில் 37இல் கிடக்கிறது. நிரப்பி வைக்க 25 டிகிரியில் செல்லுக்கு 2.25 வோல்ட் கொடுக்க வேண்டும், ஆக மொத்தம் 54. சூடு ஒரு டிகிரி ஏறினால் செல்லுக்கு 3 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 37க்கு 53.1 போதும். லைன் கரண்டை மாற்றி பேட்டரிக்குக் கொடுக்கும் ரெக்டிஃபையர், சென்சாரை நம்பி 54.2 கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, இரவும் பகலும். சூடு 10 டிகிரி கூடினாலே ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகிவிடும். அதற்கு மேல் இந்தக் கூடுதல் வோல்ட்டும்.

சென்சாரைத் துடைத்து பேட்டரியின் மேல் ஒட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

அக்டோபர் 9

புது பேட்டரி பேங்க் கேட்டு எழுதினேன். அடுத்த காலாண்டில் பார்க்கலாமாம்.

அக்டோபர் 10

மலைக்குப் பின்னால் 7 சைட். ஏழையும் வெளியுலகோடு இணைக்கும் மைக்ரோவேவ், அதாவது கம்பியில்லா இணைப்பு, மலை வழியாகத்தான் போகிறது. அங்கங்கே கரண்ட் இருக்கலாம், டிஜி ஓடலாம், பேட்டரி நிறைந்திருக்கலாம். மலை அணைந்தால் ஏழும் ஊமை. மாத அறிக்கையில் மலை சைட் ஒரே ஒரு வரி. எட்டு வரியாக எழுத வேண்டிய சைட் அது.

மேலாளருக்கு இன்னொரு மெயில் எழுதினேன். இந்த முறை வெளியில் நடந்ததைச் சொன்னேன். 2011இல் ஜப்பான் நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 29,000 பேஸ் ஸ்டேஷன்கள் நின்றுபோயின. நிறைய இடங்களில் டவர் நின்றபடியேதான் இருந்தது, மின்சாரம்தான் இல்லை. அதற்கப்புறம்தான் அங்குள்ள மொபைல் நிறுவனம் என்டிடி டோகோமோ சுமார் 1,900 முக்கிய சைட்டுகளில் 24 மணி நேர பேக்கப்புக்கு ஏற்பாடு செய்தது. ஆஸ்திரேலியாவில் 2019-20 காட்டுத்தீயின்போதும் அதே கதை. நெருப்பு நேரடியாகத் தொட்டு நின்ற சைட்டுகள் வெகு சொற்பம், மின்வெட்டில் போனவைதான் பெரும்பாலும். கலிஃபோர்னியாவில் 2020இல் தீ அபாயம் அதிகமுள்ள பகுதிகளுக்கு 72 மணி நேர பேக்கப் கட்டாயம் என்று உத்தரவே போட்டார்கள். நாம் 3 மணி 40 நிமிடத்தை வைத்துக்கொண்டு காலாண்டுக்காகக் காத்திருக்கிறோம் என்று முடித்தேன்.

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 11

எங்கள் குழுவில் இருக்கிற சின்னவன் மலையின் பிரேக்கர் படங்கள் அனுப்பினான். வரைபடத்தோடு வைத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பட்டை, பார் என்போம், இரண்டு இருக்கிறது. 46 வோல்ட்டில் முதல் பார் துண்டாகும், அதில் ரேடியோக்கள். இரண்டாவது 43.2 வரைக்கும் நிற்கும், அதில் மைக்ரோவேவ் மட்டும். ரேடியோ போனாலும் பின்னாலிருக்கும் ஏழும் பிழைக்கட்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடே. படத்தில் மைக்ரோவேவ் ஒயர் முதல் பாரில் இருக்கிறது. யார் எப்போது மாற்றினார்களோ. 46இல் எல்லாமே சேர்ந்து போகும்.

மாற்றி இணைக்க 10 நிமிட வேலை. ஆனால் ஏழு சைட்டும் அந்த நேரம் நிற்கும் என்பதால் அனுமதி வேண்டும். 17ஆம் தேதி இரவு கிடைத்திருக்கிறது.

அக்டோபர் 12

மின் சேமிப்புக் குழுவோடு கூட்டம். அவர்கள் ஒரு பக்கம், பேக்கப் பார்க்கிற நாங்கள் ஒரு பக்கம், தனித்தனி இலக்கு, தனித்தனி எக்செல். இது எனக்கு ஆறவே இல்லை. இரண்டும் ஒரே வேலை. மலையில் 10 ஆம்பியர் குறைத்தால் மின் கட்டணம் குறைகிறது என்று அவர்கள் எழுதுவார்கள். பேட்டரி அரை மணிக்கு மேல் கூட நிற்கும் என்று நான் எழுதுவேன். அதே 10 ஆம்பியர்தான்.

இரவு 2 மணிக்கு மலையில் பேசுகிறவர் யாருமில்லை. அப்போதும் 52 ஆம்பியர். 4ஜியில் ஒருவரும் இணைப்பில் இல்லாவிட்டாலும் போன்களுக்கு வழிகாட்டும் ரெஃபரன்ஸ் சிக்னல் ஒவ்வொரு மில்லிசெகண்டும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர் முழுசாக உறங்க முடியாது. 5ஜி இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. அதன் அடிப்படை சிக்னல் பொதுவாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான், 160 வரைக்கும் தள்ளி வைக்கலாம். இடையில் தூங்கலாம். 4ஜியில் செய்யக்கூடியது, கூட்டம் இல்லாத நேரத்தில் கூடுதல் கேரியர்களை, அதாவது கூடுதல் அலைவரிசைகளை, அணைத்துவிட்டு, தூரம் போகிற கீழ் அலைவரிசையை மட்டும் விட்டு வைப்பது. வசதி மென்பொருளில் ஏற்கெனவே இருக்கிறது. மலையில் இயக்கவில்லை.

அவர்கள் கேட்டது வேறு. ஷெல்டர், அதாவது கருவிகள் இருக்கிற அறை, அதன் ஏசியை 25லிருந்து 30க்கு ஏற்ற வேண்டுமாம். ரேடியோவுக்கும் ரெக்டிஃபையருக்கும் 30 ஒன்றுமே இல்லை, 40ஐயும் தாங்கும். பேட்டரி தாங்காது. அதற்கு மட்டும் தனியாகச் சின்ன குளிர் பெட்டி வைத்துவிட்டு ஷெல்டரை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள். சும்மா எழுதிக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

அக்டோபர் 14

மழை. விட்டபாடில்லை. 17ஆம் தேதியை முன்னால் தள்ளக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 15, விடியற்காலை

2.10 மலை, மெயின்ஸ் ஃபெயில்.

2.12 டிஜி ஸ்டார்ட் ஃபெயில். மூன்று முறை தானே முயன்று நின்றுவிட்டது.

2.20 மெக்கானிக் அண்ணனை எழுப்பினேன். "ஸ்டார்ட்டிங் பேட்டரியாத்தான் இருக்கும் தங்கச்சி, ஸ்டோர்ல இருந்து புதுசு ஒண்ணு தூக்கிட்டுப் போறேன்" என்றார். சின்னவனையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

2.35 இரவுப் பொறுப்பில் இருந்தவரிடம் பேசி, கூடுதல் கேரியர்கள் எல்லாவற்றையும் இங்கிருந்தே அணைத்தாயிற்று. 52 ஆம்பியர் 34க்கு இறங்கியது. வேகம் குறையும், போன் பேச முடியும்.

3.30 பேட்டரி 49.3 வோல்ட்.

4.40 மூன்றாவது வளைவில் மரம் விழுந்து கிடக்கிறதாம். வண்டி போகாது. பேட்டரியைத் தோள் மாற்றித் தோள் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், இந்த மழையில்.

5.25 பின்னால் இருக்கிற மூன்றாவது சைட்டின் கீழ் சுகாதார நிலையம். செவிலியர் அக்கா கூப்பிட்டார். போன முறை சைட் நின்றபோது என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். "ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சும்மா, வழியில டிரைவரோட பேசிட்டே இருக்கணும், லைன் நிக்குமா?" நிற்கும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு 17ஆவது செல்லை நினைத்துக்கொண்டிருந்தேன்.

6.30 47.8. குறைக்காமல் விட்டிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும். லோடு குறைவாக இருந்தால் ஈய பேட்டரி கணக்குக்கு மேலேயே கொஞ்சம் தரும். மெதுவாகக் கேட்டால் நிறையக் கொடுக்கும்.

7.40 47.1.

8.15 46.8.

8.35 46.5. போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

8.44 46.4.

8.50 டிஜி ஆன்.

அக்டோபர் 15, இரவு

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. பெண் குழந்தை, இருவரும் நலம். அக்காவே கூப்பிட்டுச் சொன்னார். அழுதுவிட்டேன்.

ஸ்டார்ட்டிங் பேட்டரியை நிரப்பி வைக்கிற சின்ன சார்ஜரில் ஃபியூஸ் போயிருக்கிறது. அவ்வளவுதான் காரணம். "செல்ஃப் அடிச்சா டிக்னு ஒரு சத்தம், அதோட சரி" என்றார் அண்ணன். டிஜி எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, டீசல் இருக்கிறது, ஆயில் இருக்கிறது. டிஜி கிளம்பாமல் போகிற கதைகளில் பெரும்பாலானவை இந்த 12 வோல்ட்டில்தான் முடிகின்றன. அதை மீட்டர் வைத்துப் பார்க்கும் கட்டம் பராமரிப்புப் படிவத்தில் இல்லை.

அண்ணன் மேலேயே தங்கிவிட்டார். மைக்ரோவேவ் ஒயரை இன்றே மாற்றட்டுமா என்று கேட்டார். அனுமதி கேட்டேன். 20 நிமிடத்தில் வந்துவிட்டது! மாற்றியாயிற்று.

அக்டோபர் 16

மெயின்ஸ் வரவில்லை. கம்பம் சாய்ந்திருக்கிறது, நாள் ஆகும்.

இப்போது கவலை டீசல். டேங்கில் 70 லிட்டர். வண்டி ஏறாது, கேனில் சுமந்துதான் போக வேண்டும். டிஜியின் திறன் 12 கிலோவாட். குறைத்த லோடும் ஏசியும் சேர்ந்து 3.3 கிலோவாட்தான். இப்படிக் கால் பங்கில் ஓட்டினால் எஞ்சின் சூடே ஏறாது, டீசல் முழுசாக எரியாது, புகைக்குழாயில் கருப்பாக எண்ணெய் வழியும். இப்போதே வழிகிறதாம். மணிக்கு ஒன்றரை லிட்டர், ஒரு நாளில் 36.

அண்ணனும் நானும் போனிலேயே கணக்குப் போட்டோம். 17ஆவது செல் இருக்கிற முதல் வரிசையைக் கழற்றிவிடுவது. நல்ல வரிசை 300ஐ வைத்து 4 மணி நேரம் ஓட்டுவது. அப்புறம் டிஜியைப் போட்டு, லோடையும் தாங்கி 40 ஆம்பியரில் பேட்டரியையும் நிரப்புவது, அதுவும் ஏறக்குறைய 4 மணி நேரம். டிஜிக்குச் சுமை பாதிக்குப் பக்கத்தில் வரும், நன்றாக எரியும். மணிக்கு 2 லிட்டர் ஆனாலும் நாளில் 12 மணி நேரம்தான் ஓட்டம். 24 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

ஈய பேட்டரியை இப்படி நாள் முழுக்க அரைகுறையாக இறக்கி ஏற்றினால் தகடுகளில் சல்ஃபேட் படிந்துவிடும் என்பது தெரியும். வேறு வழியில்லை. லித்தியமாக இருந்தால் இதையே வருடக்கணக்கில் செய்யும், இன்னும் வேகமாகவும் நிரப்பலாம். டிஜி இரண்டு மணி நேரம் ஓடி அணைந்துவிடும்.

அக்டோபர் 17

கேன் போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்குக் காய்ச்சல். இறங்க மாட்டேன் என்கிறார்.

அக்டோபர் 18

மாலை 4.05 மெயின்ஸ் வந்தது. கேரியர்களை ஒவ்வொன்றாக ஏற்றினோம். அண்ணனை இறக்கியாயிற்று.

அக்டோபர் 20

இரவில் கேரியர் அணைக்கும் வசதியை மலையில் நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். அதோடு ரெக்டிஃபையர் நான்கில் இரண்டை உறங்க வைத்திருக்கிறார்கள். நான்கும் கால் சுமையில் ஓடுவதைவிட இரண்டு பாதிச் சுமையில் ஓடினால் வீணாவது குறைவு. சேமிப்புக் குழுவிலிருந்து ஒரு பெண் போன் செய்து, இரவு லோடு எவ்வளவு என்று அவளே சொன்னாள். 35. எத்தனை மணி நேரம் கூடும் என்றும் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளைப் பிடித்துப்போயிற்று.

அக்டோபர் 21

மலைக்கு லித்தியம் உறுதி. மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், கழற்றுகிற பழைய பேங்கை ஆற்றோர சைட்டுக்குக் கொண்டு போகலாம், வீணாக வேண்டாம் என்றார். "17ஆவது செல்லையும் சேர்த்தா சார்?" என்று கேட்டேன். "செக் பண்ணி நல்லதா எடுத்துக்குங்க" என்கிறார். நாலு நாள் அரைகுறையாக ஓடிய வரிசையில் நல்லது எது? வயதான செல்லோடு புதுச் செல்லைக் கோத்தால் புதுசும் சேர்ந்து போகும்.

ஒவ்வொரு செல்லையும் டிஸ்சார்ஜ் செய்து, மதிப்பிட்ட திறனில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தது எதுவும் எந்த சைட்டுக்கும் போகக் கூடாது, மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று இரவே அனுப்பிவிடுவேன். ஆற்றோர சைட்டின் பிரேக்கர் படங்களையும் சின்னவனிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.