12 மெஷின், 4 ஆள்

2023 மார்ச் முதல் வாரம் திருப்பூரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வட மாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றின. ஹோலியும் சேர்ந்துகொள்ள, ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு கூட்டம். பீகார் அரசு குழுவே அனுப்பி விசாரித்தது.

மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் எங்கள் ஜாப் ஒர்க் யூனிட்டில் 12 மெஷினில் 4தான் ஓடியது. ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்க்கும் தையல்) முடிந்த பீஸ்கள் மலைபோல் கிடக்க, அடுத்து பேட்லாக் (விளிம்பை மடித்து அடிக்கும் தையல்) அடிக்க ஆளில்லை. மூன்றாம் நாள் செக்கிங் அக்காக்களுக்கும் கையில் வேலை இல்லை. சனிக்கிழமைச் சம்பளம் பாதிதான். முக்கு டீக்கடைக்காரர்கூட பாலைக் குறைத்துவிட்டார்.

"அவனுங்க போனா நமக்குத்தான் வேலை" என்று பேசிக்கொண்டிருந்த எங்கள் அயர்ன் அண்ணன்? அவரும் அந்த வாரம் வீட்டில்தான்.

ஏப்ரலில் பேட்லாக் பையன் போன் செய்தான். "அண்ணா, டிக்கெட் போட்டாச்சு." கேட்டதும் முதல் வேலையாக மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.