வெக்கையைப் படித்துவிட்டு அசுரனை மறுபடி பார்ப்பது

வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' படத்தை மறுபடி பார்க்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் படத்துக்கு மூலம் ஒரு நாவல்; அதற்கு முன் பூமணியின் 'வெக்கை'யைப் படித்துவிடுங்கள். 1982-இல் வந்த சிறிய நாவல். இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஆனால் படித்த சூட்டோடு படத்தைப் போடாதீர்கள், ஒரு வாரமாவது போகட்டும். உடனே பார்த்தால் கண் விடுபட்டதை மட்டுமே தேடும். ஒரு வாரம் கழித்தும் நாவலில் எது மனசில் நிற்கிறதோ, அதை வைத்துப் படத்தை அளப்பதுதான் சரி.

ஒப்பிடுகிற பலரும் "இது நாவலில் உண்டு, படத்தில் இல்லை" என்று பட்டியல் போடுவார்கள். பட்டியல் நீளும், ஒன்றும் பிடிபடாது. அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: கதை யாருடைய கண் வழியாக வருகிறது? வெக்கை படர்க்கையில் எழுதப்பட்டது. இருந்தாலும் சிதம்பரத்தை விட்டு அது விலகுவதே இல்லை. பதினைந்து வயதுப் பையன் என்ன பார்த்தான், எதற்குப் பயந்தான், எப்போது பசித்தது என்பதுதான் நாவல். அசுரன் சிவசாமியின் படம், அப்பாவின் கதை. மற்ற மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தவை.

குறிப்பெடுக்க ஒரு தாளில் செங்குத்தாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்தால் போதும். முதலாவதில் நாவலின் அத்தியாயம், இரண்டாவதில் படத்தின் நிமிடம். மூன்றாவதில், அந்த இடத்தில் நமக்கு என்ன தெரியும், பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். இந்த மூன்றாவது பத்தியில்தான் விஷயமே இருக்கிறது.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் பையன், நிலக்காரன் வடக்கூரானின் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்திருந்தான், வெட்டு ஆளையே கொன்றுவிட்டது. நாம் உள்ளே நுழையும்போதே கொலை முடிந்துவிட்டது. ஏன் செய்தான் என்பது அப்புறம், பேச்சிலும் நினைவிலும் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்கிறது. காரணம் தெரிவதற்கு முன்பே அவனோடு நாமும் ஓட ஆரம்பித்துவிடுகிறோம். படமும் ஓட்டத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் சீக்கிரமே பின்னோக்கிப் போய் மின்வேலி, நாய், அண்ணன் முருகனின் கோபம், அவன் சாவு எல்லாவற்றையும் வரிசையாகக் கண்முன் காட்டிவிடுகிறது. சிதம்பரம் பழி வாங்கும் நேரத்தில் நாம் அதற்காகவே காத்திருக்கிறோம். நாவலில் அந்தக் காத்திருப்புக்கு இடமே இல்லை. ஒரே கொலை, ஆனால் நாம் அதன் பக்கத்தில் நிற்கிற இடம் வேறு.

அடுத்தது இடைவேளை. அதுவரை அடங்கி, ஊரார் காலில் விழுந்து, குடித்துவிட்டுக் கிடந்த ஆள் மகனுக்காக எழுந்து நிற்கும் சண்டை அது. தனுஷின் நடிப்பில் அந்த இடம் எத்தனை முறை பார்த்தாலும் குறையவில்லை. கோழை என்று நாம் நினைத்தவர் கோழை இல்லை என்று தெரியவருவது முழுக்கத் திரைக்கதையின் கணக்கு. திரைக்கதை எழுதிய வெற்றிமாறனும் மணிமாறனும் அதற்காகத்தான் முதல் பாதி முழுவதும் சிவசாமியைத் தாழ்த்திக்கொண்டே வருகிறார்கள். நாவலில் பையன் 'அய்யா' என்று கூப்பிடும் அப்பாவுக்கு இப்படி ஒரு திருப்பம் தேவைப்படவில்லை. பையனுக்கு அவர் ஆரம்பத்திலிருந்தே அய்யாதான்.

இடைவேளைக்குப் பிறகு வரும் இளம் சிவசாமியின் கதைக்கு இணையான அத்தியாயத்தை நாவலில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாரியம்மாள், செருப்பு, பஞ்சமி நிலம், குடிசைகளுக்கு வைக்கப்படும் தீ எல்லாம் படம் கொண்டுவந்தவை. இங்கே ஒப்பிட வேண்டியது நாவலோடு அல்ல, வரலாற்றோடு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. தீவைப்புக் காட்சியைப் பார்க்கும் யாருக்கும் 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, குடிசைக்குள் எரிந்த 44 உயிர்கள் என்பது நினைவுக்கு வராமல் போகாது. வெண்மணி காவிரிப் படுகையின் நெல் நிலம், கூலிக்கான போராட்டம். படம் அந்த நெருப்பின் நிழலைத் தெற்கத்தி வறண்ட பூமிக்குக் கொண்டுவந்து, நிலத்துக்கான சண்டையோடு இணைக்கிறது. நாவல் சாதிப் பெயர் எதையும் சொல்லாமலே நடக்கிறது. படம் சாதி ஒடுக்குமுறையை வெளிப்படையாகப் பேச முடிவெடுத்தது. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

அதற்குக் கொடுத்த விலை, காடு. வெக்கையின் உயிர் அந்த ஓடி ஒளியும் நாட்களில் இருக்கிறது: கிடைத்ததைச் சமைப்பது, தூங்க இடம் பார்ப்பது, வெயில், அப்பனும் மகனும் பேசிக்கொண்டே இருப்பது. துரத்தலும் பின்கதையும் இல்லாமல் இருவர் மட்டும் இருக்கும் காட்சிகளைப் படத்தில் கடிகாரம் வைத்துக் கூட்டிப் பாருங்கள். பிறகு நாவலில் அதே மாதிரியான பக்கங்களை எண்ணுங்கள். மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு, வெறும் நிமிடத்தையும் பக்கத்தையும் நேரடியாகப் பொருத்தக் கூடாது. ஒளிப்பதிவாளர் வேல்ராஜின் கேமரா ஒரே ஷாட்டில் சொல்லிவிடும் நிலப்பரப்புக்கு எழுத்தில் ஒரு பக்கம் ஆகும். அதைக் கழித்தாலும் வித்தியாசம் பெரிதாகவே நிற்கும்.

படத்தை முதலில் பார்த்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நாவலின் அய்யாவுக்குத் தனுஷ் முகம், ஆத்தாவுக்கு மஞ்சு வாரியர் முகம் வந்து ஒட்டிக்கொள்ளும், படம் செய்ததெல்லாம் நாவலிலும் இருந்ததாகத் தோன்றும். உரையாடலை வாய்விட்டுப் படித்தால் இது தளரும். கரிசல் பேச்சின் இழுவை காதில் விழ ஆரம்பித்ததும் நடிகர்களின் குரல் பின்னுக்குப் போய்விடும். படம் பார்க்கும்போது சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள், கண் கீழேயே நிற்பதால் பல முகபாவங்கள் தப்பிவிடுகின்றன.

இன்னும் பொறுமை இருந்தால் 2021-இல் வந்த தெலுங்கு மறுஆக்கமான 'நாரப்பா'வையும் பாருங்கள். படத்திலிருந்து எடுத்த படம் அது. அதில் அப்படியே தங்கியிருப்பவை அசுரனின் திரைக்கதை எலும்புகள் என்று அடையாளம் காண உதவும்.

முடிவைக் கடைசியாக ஒப்பிடுங்கள். நாவல், அப்பனும் மகனும் சரணடைய நீதிமன்றத்துக்குப் போகும் இடத்தில் நிற்கிறது. படத்தில் சிவசாமி பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, மகனைப் படிக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். அப்பாவின் கதையாகத் தொடங்கிய படம் அப்படித்தான் முடிய முடியும். பையனின் கதையில், கொலை செய்தவனே கோர்ட்டுப் படியேற வேண்டியிருக்கிறது. இதைக் குறித்துக்கொண்ட பிறகு நாவலின் முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். கையை மட்டும் வெட்ட நினைத்த அந்தப் பையன் எவ்வளவு சின்னவன் என்பது இந்த முறைதான் உறைக்கும்.