செந்த் குருவாவுக்கு நடந்து போகிறவர்களுக்கு

வேளாங்கண்ணியில் மாதா திருநாள் முடிந்து கொடி இறங்கும் செப்டம்பர் 8 மாலையில்தான் மொரீஷியசில் சாலைகள் நிரம்பத் தொடங்கும். தீவின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மக்கள் இரவோடு இரவாகப் போர்ட் லூயியின் செந்த் குருவா கோயிலுக்கு, அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) ழாக் தெசிரே லவால் கல்லறைக்கு நடக்கிறார்கள். கத்தோலிக்கர் மட்டும் அல்ல, இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் தமிழ்க் குடும்பங்களும் 'பேர் லவால்' (தந்தை லவால்) என்றால் கைகூப்புவார்கள். தமிழர்களின் கைலாசம் கோயில் இருப்பதும் இதே பக்கம்தான் என்பதால், வழி கேட்கத் தமிழர்களுக்குச் சிரமம் இருக்காது.

லவால் பிரான்சின் நார்மண்டியில் 1803இல் பிறந்தவர். மருத்துவராக இருந்து, குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பிய பின் மனம் மாறி, 1838இல் குருவானார். 1841 செப்டம்பர் 14 அன்று இந்தத் தீவில் வந்திறங்கினார். 1835இல் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டபோது இழப்பீட்டுப் பணம் போய்ச் சேர்ந்தது முதலாளிகளுக்கு. விடுதலை பெற்றவர்களிடம் நிலமும் இல்லை, எழுத்தும் இல்லை. லவால் அவர்கள் பேசிய கிரியோலைக் கற்றார். பகலில் நோயாளிகளையும் சிறைக்கைதிகளையும் பார்த்தார். வேலை விட்டு வருகிறவர்களை மாலையில் உட்காரவைத்து, ஞானோபதேசத்தை வரி வரியாக, மனதில் பதியும்வரை வாயால் சொல்லிக்கொடுத்தார். கற்றவர்களிலிருந்தே உபதேசியார்கள் வந்தார்கள், தோட்டப் பகுதிகளில் சிறு சிற்றாலயங்கள் எழுந்தன. 1864 செப்டம்பர் 9இல் இறக்கும்வரை 23 ஆண்டுகள் இதையேதான் செய்தார், சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1979 ஏப்ரல் 29இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார். 2019இல் இதே செப்டம்பர் 9 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அந்தக் கல்லறையில் செபித்தார்.

அந்த மாலை நேரப் பொறுமையை நினைத்துக்கொண்டு நடப்பதுதான் இந்தத் திருப்பயணத்துக்குப் பொருத்தம். அவசரமாக நடந்து பத்து மணிக்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பக்தி ஏதும் இல்லை.

தயாரிப்பு காலணியில் தொடங்குவதில்லை. காணிக்கை செலுத்த வருமுன் சகோதரனோடு சமாதானம் செய்துகொள் என்று மத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிக்கு 8ஆம் தேதிக்கு முன்பே ஒரு போன் போட்டுவிடுங்கள். அன்றைக்கு ஒப்புரவுக்கு (பாவ அறிக்கைக்கு) வரிசை நீளும் என்பதால் சொந்தப் பங்குக் கோயிலிலேயே முந்தைய வாரம் முடித்துக்கொள்வது நல்லது.

மேட்டு நகரமான க்யூர்பிப்பிலிருந்து புறப்பட்டால் ஃபீனிக்ஸ், ரோஸ் ஹில், போ பாசேன், கொரமாண்டல், கிராண்ட் ரிவியேர் வழியாக இருபது கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு நான்கு கிலோமீட்டர் வைத்தால், ஓய்வையும் சேர்த்து ஆறேழு மணி நேரம் பிடிக்கும். பெரும்பகுதி இறக்கம் என்பதால் எளிது என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இறக்கத்தில் கால் முன்னால் சரிந்து, விரல் நுனி ஷூவில் இடித்துக்கொண்டே வரும். கொரமாண்டல் தாண்டுவதற்குள் நகம் கறுத்துவிடும், முட்டியும் வலிக்கும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள், பழகிய ஷூவைப் போடுங்கள், கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். குதிகாலிலும் விரலிடுக்கிலும் வாசலின் தடவுங்கள். ரோஸ் ஹில்லில் உட்கார்ந்து காலுறையை மாற்றுங்கள். ஈரக் காலுறைதான் கொப்புளத்துக்கு முதல் காரணம். க்யூர்பிப்பில் அந்த மாதம் தூறலும் குளிரும் இருக்கும், கீழே போர்ட் லூயியில் வெக்கையாக இருக்கும். அதனால் ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய உடுப்பு வசதி.

இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கம் நடக்க வேண்டும். வெளிர்நிற உடையும் கையில் ஒரு டார்ச்சும் அவசியம். சாலையோரத்து மூடாத வடிகாலில் இருட்டில் கால் விட்டவர்கள் உண்டு.

ஐந்தாறு பேராகச் சேர்ந்து செபமாலை சொல்லுங்கள். நடந்துகொண்டே ஐந்து பத்துமணி (மாலையில் பத்துப் பத்து மணிகளாக உள்ள பகுதிகள்) சொல்லி முடிக்க ஏறக்குறைய இருபது நிமிடம், அதாவது ஒன்றேகால், ஒன்றரை கிலோமீட்டர் நடை. சந்திப்பு வந்தால் செபத்தை நிறுத்திச் சாலையைக் கடந்த பிறகு தொடருங்கள். மாலையைத் தொங்கவிட்டால் சிக்கும், மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். கடைசி பத்துமணியை ஆளுக்கொருவராக மௌனமாகச் சொல்லும் குழுக்களும் உண்டு. களைத்த வாய்க்கு அது ஆறுதல்.

செந்த் குருவாவில் கோயிலுக்குப் பக்கத்தில்தான் கல்லறை. மேலே லவாலின் படுத்த நிலை உருவச்சிலை இருக்கும். வரிசை மெதுவாக நகர்ந்து சிலை அருகே வந்ததும் ஒருவருக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். தொட்ட கையை நெற்றியிலும் நோயுள்ள இடத்திலும் வைத்துக்கொள்வது வழக்கம். அங்கே நின்று யோசிக்க நேரம் இருக்காது, ஆகவே கேட்க வேண்டியதை வழியிலேயே ஒரே வாக்கியமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுதிரியை அதற்குரிய இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். திருப்பலி கிரியோலிலும் பிரெஞ்சிலும் நடக்கும்.

நேர்ச்சை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை குணமானால் பெரிய காணிக்கை என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கடன் வாங்கிச் செலுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தன் மாலை நேரங்களை ஏழைகளுக்குக் கொடுத்தவரிடம் நேரத்தை நேர்ந்துகொள்வதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளையோடு பத்து நிமிட செபம், படுக்கையில் கிடக்கும் அக்கம்பக்கத்து ஆயாவை வாரம் ஒருமுறை பார்ப்பது, இப்படி. இரண்டாம் வாரத்திலேயே தளர்வு வரும். விட்டுப்போன நாளுக்கு வட்டி போட்டு அரை மணி நேரம் செய்ய முயன்றால் முழுவதும் நின்றுபோகும். மறுநாள் அதே பத்து நிமிடத்துக்குத் திரும்பினால் நிலைக்கும்.

9ஆம் தேதி அரசு விடுமுறை இல்லை. காலையில் லாரி ஓட்டுகிறவர்களும் இயந்திரத்தில் நிற்கிறவர்களும் முழு இரவு நடக்க வேண்டாம். ரோஸ் ஹில் வரை மெட்ரோவில் வந்து அங்கிருந்து நடந்தாலும் அது திருப்பயணம்தான். முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் வேறொரு நாள் பகலில் வந்தால் வரிசையின் நெரிசல் இல்லாமல் கல்லறை அருகே நின்று செபிக்கலாம், லவால் பயன்படுத்திய பொருள்களையும் பார்க்கலாம்.