இருபது உயிரும் ஒரு இன்வெர்ட்டரும்

2013 ஜூனில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்ற வீடியோ கேம் வந்தபோது கதைக்காகத்தான் வாங்கினேன். ஜோயலும் எல்லியும் அமெரிக்காவைக் கடந்து போகும் கதையை இரண்டு வாரத்தில் முடித்தேன். அப்புறம் மெனுவில் ஃபேக்‌ஷன்ஸ் என்று ஒன்று, ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடும் பகுதி, கண்ணில் பட்டது, என்னதான் என்று பார்ப்போமே என்று உள்ளே போனேன். ஆறு வருடம் வெளியே வரவில்லை.

நாலு பேருக்கு எதிராக நாலு பேர். ஹன்டர்ஸா, ஃபயர்ஃபிளைஸா என்று முதலில் ஒரு கட்சியில் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்ததும் உங்கள் பொறுப்பில் ஒரு சின்னக் கூட்டத்தை விடுவார்கள். ஒரு ஆட்டம் என்றால் அவர்களுக்கு ஒரு நாள். 12 வாரம், அதாவது 84 ஆட்டம், நீங்கள் கொண்டுவரும் சாமானில்தான் அவர்கள் சாப்பிட வேண்டும். சாமான் பத்தவில்லை என்றால் பசி, அப்புறம் நோய், அப்புறம் சாவு.

இதில் ஃபேஸ்புக் கணக்கை இணைத்தால் அந்தக் கூட்டத்துக்கு நம் நண்பர்களின் பெயர்களே வந்துவிடும். விளையாட்டாக இணைத்துத் தொலைத்தேன். என் ஃபேஸ்புக்கில் அப்போது பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

கூட ஆடுபவன் திருமங்கலத்தில் இருக்கும் சித்தி மகன். இரண்டு பேரிடமும் ஹெட்செட் கிடையாது. போனை ஸ்பீக்கரில் போட்டு டிவி பக்கத்தில் வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரி ஆட்டம் முடிந்து அவன் கூட்டத்தின் நிலவரம் திரையில் வந்ததும் கத்தினான்: “அண்ணே, மேலூர் மாமா செத்துட்டாருண்ணே!”

அம்மா அடுப்படியில் மாவு கரைத்துக்கொண்டிருந்தார். மேலூர் மாமா அவருடைய கூடப் பிறந்த தம்பி. கை மாவோடு ஓடிவந்து, நான் வாயைத் திறப்பதற்குள் மேலூருக்குப் போன் போட்டுவிட்டார். எடுத்தது மாமாவேதான். அதன்பிறகு எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. மாமா மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த விசேஷத்தில் பார்த்தபோது, “என்னடா, உன் கூட்டத்துலயாவது எனக்கு ஒழுங்கா சோறு போடுறியா?” என்று கேட்டார்.

சப்ளை ரெய்ட் என்ற வகையைத்தான் அதிகம் ஆடுவோம். அணிக்கு மொத்தமாக 20 உயிர். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துத் தர மாட்டார்கள், பொதுக் கணக்கு. தெருவுக்கு வந்த தண்ணி லாரியில் ஒரு வீட்டுக்காரரே பத்துக் குடம் பிடித்தால் எப்படி வயிறு எரியும்? என் தம்பியோடு ஒரே அணியில் ஆடினால் அப்படித்தான் எரியும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேராக ஓடுவான். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் காதைத் தீட்டினாலே ஓடுகிறவனின் உருவம் வெள்ளையாகத் தெரிந்துவிடும். குனிந்து நடந்தால் தெரியாது. அம்மாவுக்கு அதுதான் புரியவே இல்லை: “எதுக்குடா எல்லாரும் உக்காந்து உக்காந்தே போறாங்க?”

இந்த ஆட்டத்தின் சூட்சுமம் எல்லாம் ஒரு சாராய பாட்டிலிலும் ஒரு கந்தல் துணியிலும் இருக்கிறது என்பேன். இரண்டையும் சேர்த்தால் மொலோடோவ் என்ற தீக்குண்டு செய்யலாம். அதே இரண்டையும் சேர்த்துத்தான் காயத்துக்குக் கட்டும் ஹெல்த் கிட்டும் செய்ய வேண்டும். செய்யும்போது ஆட்டம் நமக்காக நிற்காது. எங்காவது மேஜைக்குப் பின்னால் பம்மி உட்கார்ந்து செய்ய வேண்டும், காலடிச் சத்தம் கேட்டால் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டும். நான் எப்போதும் கிட்தான் செய்வேன். அவன் எப்போதும் குண்டுதான். செய்ததைக் கூட்டாளிக்குக் கொடுக்கவும் வழி உண்டு. ஒரு தடவை லேக்சைடு என்ற ஆட்டக்களத்தில், எங்கள் பக்கம் ஒரே ஒரு உயிர் பாக்கி. அவன் பனியில் தவழ்ந்துகொண்டிருந்தான். நான் போய்த் தூக்கிவிட்டேன். “அண்ணே, கிட்டு இருந்தாக் குடுங்க” என்றான். இருந்தது. இவனிடம் கொடுத்தால் வீண்தான் என்று நினைத்து, இல்லை என்று சொல்லிவிட்டேன். பத்து விநாடியில் செத்தான், தோற்றோம். என் கையில் கிட் இருந்தது தெரிந்துவிட்டதோ என்னவோ, இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

மின்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அந்த வருடங்களில் மதுரையில் இருந்தவர்களுக்குத் தெரியும். இன்வெர்ட்டரில் ஃபேனா, பி.எஸ். 3-ஆ (கேம் ஆடும் பிளேஸ்டேஷன் 3 பெட்டி) என்பதுதான் வீட்டுப் பஞ்சாயத்து. சித்திரை வெயிலில் தீர்ப்பு எப்போதும் ஃபேனுக்குத்தான். ஒருமுறை பதினோராவது வாரத்தில் கரண்ட் போனது. அதோடு என் கூட்டமும் போனது.

பி.எஸ். 3-இல் ஆன்லைனில் ஆட சந்தா கட்ட வேண்டாம், பி.எஸ். 4-இல் கட்ட வேண்டும். அதனால் பழைய பெட்டியையே கட்டிக்கொண்டு அழுதோம். 2019 செப்டம்பர் 3-ஆம் தேதி அதன் சர்வரை நிறுத்தினார்கள். இதையே பெரிதாக, தனி விளையாட்டாகக் கொண்டுவருகிறோம் என்று கேமை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது, 2023 டிசம்பரில் அதையும் கைவிட்டதாக அறிவித்தது.

செய்தியைத் தம்பிக்கு அனுப்பினேன். ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்தது: “சரிண்ணே. லேக்சைடுல ஒரு கிட்டு பாக்கி இருக்கே, அத என்ன பண்றது?”